காடியின் அடியில் தெரியும் பளபளப்பு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீச்ச்’ என்று ஒரு கூச்சல். கொஞ்சம் சூடேறியதும் அடங்கும். ராத்திரியில் ஹெட்லைட் போட்டு வண்டியை நகர்த்தினால் மறுபடி கிளம்பும். “பெல்ட் லூஸ்” என்று சொல்லி மெக்கானிக் டைனமோவை நெம்பி இறுக்கித் தருவார். நாலு நாள் அமைதி. பிறகு புது பெல்ட். கொஞ்ச காலத்தில் அதுவும் கத்த ஆரம்பிக்கும். இந்த விசாரணையில் யாருமே சந்தேகப்படாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். வாட்டர் பம்ப்பின் தலையில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் உட்கார்ந்திருக்கும் புல்லிதான் அவர். பெல்ட் ரப்பர், தேயும். புல்லி இரும்பு, அதற்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிடுகிறோம். இரும்பும் தேயும். தேய்ந்த புல்லியில் புது பெல்ட் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

உதாரணத்துக்கு அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீட்டு முற்றங்களில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற கார் அது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை தயாரானது. முதலில் வந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். 1959-இல் அதற்குப் பதிலாக பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வகை 1489 சி.சி. எஞ்சின் வந்தது. பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடியது இந்த எஞ்சின்தான். கை வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் கட்சி. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றி அவ்வளவு இடம் இருக்கும். மூடி, உறை, ஒயர்க் கூட்டம் எதுவும் கண்ணை மறைக்காது. ஒரே ஒரு பெல்ட், மூன்று புல்லி. கீழே கிராங்க் புல்லி, மேலே நடுவில் வாட்டர் பம்ப் புல்லி, பக்கவாட்டில் டைனமோ புல்லி. வாட்டர் பம்ப் புல்லியும் ஃபேனும் ஒரே ஹப்பில் நான்கு போல்ட்டால் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கும்.

அந்தப் புல்லி நின்றால் என்ன ஆகும்? பெட்ரோல் எஞ்சின் எரிக்கிற எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கான வேலையாகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெப்பமாகப் போகிறது. இன்னொரு பங்கு எஞ்சின் சுவர்களுக்குள் இறங்கித் தண்ணீருக்கு வருகிறது. எஞ்சின் 15 கிலோவாட் வேலை செய்து ஓடிக்கொண்டிருந்தால், கிட்டத்தட்ட அதே 15 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போக வேண்டும். ரேடியேட்டரில் அந்தத் தண்ணீர் 8 டிகிரி ஆறுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு சுமார் 27 லிட்டர் ஓடினால்தான் கணக்கு நேராகும். ஏறத்தாழ இரண்டு குடம் தண்ணீர், நிமிடம் தவறாமல். பெல்ட் வழுக்கி ஓட்டம் பாதியானால், அதே வெப்பத்தை வெளியேற்ற 16 டிகிரி வித்தியாசம் தேவைப்படும். ஃபேனும் அதே புல்லியில் இருப்பதால் காற்றும் சேர்ந்து குறைந்துவிடும். டிராஃபிக்கில் நிற்கும் கார் கொதிப்பது இப்படித்தான்.

பம்ப்பே இல்லாமல் ஓடிய கார்களும் உண்டு. ஃபோர்டு மாடல் டி காரில் முதல் 2,500 வண்டிகளுக்கு மட்டும் வாட்டர் பம்ப் வைத்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சூடான நீர் லேசாகி மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயற்கையையே நம்பி, உயரமான ரேடியேட்டரும் தடித்த குழாய்களும் வைத்துச் சமாளித்தார்கள். எஞ்சினின் சக்தி கூடக் கூட அந்த நிதானமான ஓட்டம் போதாமல் போனது. பம்ப் நிரந்தரமானது, அதைச் சுற்றும் பொறுப்பு பெல்ட்டிடம் வந்தது.

அமெரிக்காவில் டென்வர் நகரத்து கேட்ஸ் ரப்பர் கம்பெனியில் ஜான் கேட்ஸ் 1917-இல் உருவாக்கிய ரப்பர் வி-பெல்ட்தான் இந்தக் கதையின் நாயகன். அதற்கு முன் தோல் பட்டைகளும் கயிறுகளும் வழுக்கிக்கொண்டும் அறுந்துகொண்டும் இருந்தன. வி-பெல்ட்டின் சூட்சுமம் ரப்பரில் மட்டும் இல்லை. அதன் சரிந்த பக்கங்களில் இருக்கிறது.

ஒரு கயிற்றைக் கம்பத்தில் சுற்றிப் பிடித்தால், மறுமுனையில் இருக்கும் பெரிய பளுவைச் சின்ன விசையாலேயே நிறுத்தலாம். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிறவர்கள் தினமும் செய்வது இது. இதன் கணக்கை 18-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் லியோனார்ட் ஆய்லர். வழுக்குவதற்கு முன் இரு முனை விசைகளுக்கும் இடையே எவ்வளவு விகிதம் தாங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உராய்வு, சுற்றிய கோணம். இரண்டும் அடுக்குக்குறியில் உட்காருவதால் கொஞ்சம் கூடினாலே விகிதம் எகிறிவிடும். கொஞ்சம் குறைந்தால் சரிந்துவிடும்.

நம் பெல்ட்டுக்குக் கோணத்தில் பெரிய வசதி கிடையாது. மூன்று புல்லிகளை வெளிப்புறமாகச் சுற்றிவரும் பெல்ட் எப்படிப் போனாலும், மூன்று புல்லிகளிலும் அது தழுவும் கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரிதான் வரும். சராசரியாக ஆளுக்கு 120. உராய்வு எண் 0.3 என்று கொண்டால், தட்டையான பெல்ட்டுக்கு இந்தக் கோணத்தில் விகிதம் 1.9-ஐத் தாண்டாது. அதாவது இழுக்கும் பக்கம் 30 கிலோ விசை இருந்தால், தளர்ந்த பக்கம் 16 கிலோவாவது இருக்க வேண்டும். மீதி 14 கிலோதான் புல்லியைச் சுற்றப் பயன்படும்.

இப்போது அதே பெல்ட்டை 36 டிகிரி திறப்புள்ள வி வடிவக் காடிக்குள் இறக்குங்கள். பெல்ட் உள்ளே இழுபடும்போது ஆப்பு மாதிரி இரண்டு சுவர்களையும் நெருக்குகிறது. உள்நோக்கி அழுத்தும் விசை சுவர்களின் மேல் மூன்று மடங்குக்கு மேலாகப் பெருகுகிறது. துல்லியமாகச் சொன்னால் 3.24 மடங்கு. ரப்பர் மாறவில்லை, கோணம் மாறவில்லை, விகிதம் மட்டும் 1.9-இலிருந்து 7.6-க்குத் தாவுகிறது. அதே 30 கிலோவில் இப்போது 26 கிலோ வேலைக்குக் கிடைக்கிறது.

இந்த லாபம் முழுதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: பெல்ட்டின் அடிப்பாகம் காடியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் பாரத்தை அடி தாங்கிக்கொள்ளும், சுவர்கள் நெருக்கப்படாது, வி-பெல்ட் தட்டைப் பெல்ட்டாகிவிடும். சுவர் தேய்வதும் அடியைத் தொடுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பது இதில் இன்னொரு வில்லங்கம். சுவர் சரிவாக இருப்பதால், பக்கத்துக்கு 0.4 மி.மீ. தேய்ந்தாலே பெல்ட் 1.2 மி.மீ. கீழே இறங்கிவிடும். தேய்மானத்தைக் கண் பார்க்காது. பெல்ட் இறங்கியிருப்பதைப் பார்த்துவிடலாம். நல்ல புல்லியில் பெல்ட்டின் முதுகு விளிம்போடு சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கும். விளிம்புக்குள் பதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறவன். தாத்தாவின் அம்பாசடரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது அவன் லட்சியம். ஒருநாள் போன் பண்ணினான்.

“மாமா, புது பெல்ட் போட்டும் கத்துது. பெல்ட் டூப்ளிகேட்டா இருக்குமோ?”

“பெல்ட்டைக் கழட்டிட்டு, பம்ப் புல்லி காடிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருடா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அடியில கண்ணாடி மாதிரி மின்னுது மாமா. சைடு ரெண்டும் குழிவா இருக்கு.”

அவ்வளவுதான் பரிசோதனை. ஒழுங்காக வேலை செய்யும் புல்லியில் சுவர்கள் பளபளக்கும். அடி மங்கலாக, அழுக்காக, துருவோடுகூட இருக்கும், ஏனென்றால் அங்கே எதுவும் உரசுவதில்லை. அடி பளபளத்தால் பெல்ட் அங்கே உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவரின் மேல் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். அந்தக் குழிவு ஏறத்தாழ 0.8 மி.மீ. ஆகிவிட்டால் புல்லியை மாற்றவேண்டியதுதான். மழைக்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் காடிக்குள் துரு பூக்கும். அந்தத் துரு உப்புத்தாள் போலப் பெல்ட்டை அராவும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, மெழுகு தடவுவது போன்ற வைத்தியங்களும் நடக்கின்றன. பழைய மாவு மில்களின் தட்டைப் பெல்ட்டுக்கு மெழுகு போடுவதில் அர்த்தம் இருந்தது. வி-பெல்ட்டில் அது சத்தத்தை அடக்கும், வழுக்கலை அடக்காது; தூசியை ஒட்டவைத்துச் சுவரை இன்னும் தேய்க்கும்.

வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரியில் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே தேவையில்லை, ஏனென்றால் புல்லி தண்ணீர்ப் பாதைக்கு வெளியே இருக்கிறது. சூட்டில் அதைத் திறப்பது எப்போதுமே ஆபத்து. 7 பவுண்ட் அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும்; மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

முதல் முறை செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் பெல்ட்டைத்தான் கழற்றுவார்கள். பிறகு ஃபேன் போல்ட்டைத் திருப்பினால் புல்லியும் சேர்ந்து சுற்றும். பிடிக்க ஏதும் இருக்காது. ஃபேன் இறக்கைக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி இறக்கையை வளைத்துவிடுவார்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நான்கு போல்ட்டையும் அரைத் திருப்பு தளர்த்திவிடுங்கள். பம்ப்பைச் சுற்றவைக்கப் பயன்படும் அதே உராய்வு, இப்போது புல்லியை அசையாமல் பிடித்துத் தரும். பூட்டும்போது தலைகீழ்: போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, பெல்ட்டைப் போட்டு இறுக்கி, கடைசியில் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி முடிக்க வேண்டும்.

பி சீரிஸ் எஞ்சின் அங்குலக் கணக்கில் பிறந்தது. அரை அங்குல ஸ்பானர் என்பது 12.7 மி.மீ.; 13 நம்பர் ஸ்பானரும் உள்ளே போகும், 0.3 மி.மீ. ஆட்டத்தோடு. துருப்பிடித்த போல்ட்டில் அந்த ஆட்டம் போதும், தலையின் மூலைகள் மழுங்கிவிடும். போல்ட் விஷயம் இன்னும் மோசம். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவதன் சன்ன மரையில் மரைக்கு மரை 1.06 மி.மீ.; இரண்டாவதில் 1.25. இரண்டு சுற்று போய்ச் சிக்கும். ‘இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் போய்விடும்’ என்று தோன்றும். போகும், ஹப்பின் மரையையும் சேர்த்துக்கொண்டு. 1990-களில் வந்த இசுஸு எஞ்சின் அம்பாசடர் என்றால் இந்தக் கவலை இல்லை. அது மில்லிமீட்டர் வண்டி.

டைனமோவை உள்ளே தள்ளிப் பெல்ட்டை எடுத்ததும், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையைச் செருகிவிடுங்கள். ரேடியேட்டரின் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும். ஸ்பானர் வழுக்கினால் முதலில் அடிபடுவது அதுதான். கை நுழைய இடம் போதவில்லையென்றால் ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது சோம்பேறித்தனத்தைவிட மலிவு. ஃபேனை எடுக்கும்போது எந்த முகம் முன்னால் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேனைத் திருப்பிப் போட்டாலும் காற்று அதே திசையில்தான் போகும், எதிர்த்திசையில் போகாது. ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகிவிடுவதால் குறைவான காற்றைத்தான் தள்ளும். வண்டி ஏன் சூடாகிறது என்று பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பீர்கள்.

பழைய புல்லி துருவோடு ஹப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ஷாஃப்ட்டின் தலையில் ஒன்று போட்டால் வந்துவிடும் என்று கை அரிக்கும். போடாதீர்கள். ஷாஃப்ட்டுக்குப் பின்னால் பேரிங்கின் குண்டுகள் இருக்கின்றன. ஒரே அடியில் அவை தம் பாதையில் குழி போட்டுவிடும். அதற்கும் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் சீல் இருக்கிறது. துரு இளக்கும் ஆயிலை விட்டுக் காத்திருந்து, மரக்கட்டையை வைத்து விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் போதும்.

புல்லி கையில் வந்ததும் பம்ப்பையும் பார்த்துவிடுங்கள். ஹப்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. சுற்றினால் கரகரப்பு கூடாது. பம்ப் உடம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் கசியும்போது தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும் என்று வைத்த துளை அது. ‘ஒழுகுகிறது’ என்று எம்-சீல் வைத்து அதை அடைப்பவர்கள் பேரிங்குக்குச் சமாதி கட்டுகிறார்கள். ஆட்டமோ ஒழுக்கோ இருந்தால் புல்லியோடு நிறுத்தாமல் பம்ப்பையும் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது கடை. சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு என்று அலைந்தால் கிடைக்கும். ஆனால் பழைய புல்லியைக் கையோடு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு வெர்னியரும். ஒரே மாதிரி தெரியும் புல்லிகளில் மூன்று அளவுகள் ஏமாற்றும். முதலாவது விட்டம். 120 மி.மீ. இருந்த இடத்தில் 110 போட்டால் பம்ப் 9 சதவீதம் வேகமாகச் சுற்றும். தண்ணீர் அதே அளவு கூடும். ஆனால் பம்ப்பும் ஃபேனும் விழுங்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், சுமார் 30 சதவீதம் கூடிவிடும். வேகம் கூடினால் இன்னொரு தொல்லையும் உண்டு. பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் அழுத்தம் விழுந்து, சூடான நீரில் ஆவிக் குமிழ்கள் பிறந்து, அடுத்த கணம் நொறுங்கும். நொறுங்கும் குமிழ் எவ்வளவு பயங்கரமான அழுத்தத்தை எழுப்பும் என்று கப்பல் புரொப்பல்லர்களின் அரிப்பை விளக்க ராலே பிரபு கணக்குப் போட்டதும் 1917-இல்தான். வேகமாகச் சுற்றினால் நன்றாகக் குளிரும் என்று சின்ன புல்லி தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது காடியின் கோணம். பெல்ட் வளையும்போது அதன் வெளிப்புறம் இழுபட்டு ஒடுங்கும், உட்புறம் நசுங்கிப் புடைக்கும். அதனால் அதன் சரிவு நேராக இருந்ததைவிடக் குறைந்துவிடும். அதனால்தான் புல்லி சின்னதாகச் சின்னதாகக் காடியின் கோணத்தையும் 38, 36, 34 என்று குறைத்து வெட்டுகிறார்கள். லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கோணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் தவறுவது: ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து காடியின் நடுவரை உள்ள தூரம். இது 3 மி.மீ. மாறினாலும் புல்லி அழகாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் மூன்று காடிகளும் ஒரே தளத்தில் இருக்காது. வி-பெல்ட் பொறுத்துக்கொள்ளும் சாய்வு சுமார் அரை டிகிரி. புல்லிகளுக்கு இடையே 25 செ.மீ. தூரம் என்றால் அரை டிகிரி வெறும் 2.2 மி.மீ.தான். அதற்கு மேல் போனால் பெல்ட் ஒரு சுவரை மட்டும் அராவும். ஒரு பக்கம் கருப்புத் தூள் கொட்டும். சில நேரம் காடிக்குள் புரண்டுவிடும். பூட்டியதும் கிராங்க் புல்லியின் முகத்தோடு நீண்ட ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பூட்டும் முன் ஹப்பின் முகத்தையும் புல்லியின் உட்புறத்தையும் சுத்தமான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். போல்ட்டுகள் புல்லியைச் சுற்றவைப்பதில்லை. அவை இழுபட்ட ஸ்பிரிங் போல இரண்டு முகங்களையும் நெருக்குகின்றன, அந்த நெருக்கத்தின் உராய்வுதான் சுற்றவைக்கிறது. இடையில் துருவோ, புதுப் புல்லியின் தடித்த பெயின்ட்டோ இருந்தால் நாளாவட்டத்தில் அது நசுங்கி, போல்ட்டின் இழுவை தளர்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும். பழைய புல்லிகளில் போல்ட் துளை முட்டை வடிவமாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஃபேன் இறக்கை வளைந்திருந்தாலும் அப்படியே போடாதீர்கள். மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி 10 கிராம் எடை அதிகமாக இருந்தால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது 6 கிலோ விசையோடு பேரிங்கைச் சுற்றிச் சுற்றிக் குத்தும்.

பெல்ட் இறுக்கத்துக்குப் பழைய விதி போதும்: நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கத்தக்கூடாது என்ற பயத்தில் வீணைத் தந்தி போல முறுக்கினால் பம்ப், டைனமோ பேரிங்குகள் இரண்டும் அதன் விலையைக் கொடுக்கும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளில் பெல்ட்டின் சுமை ஏற்கெனவே கூடுதல்; அங்கே காடி நன்றாக இருப்பது இன்னும் முக்கியம்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஃபேனின் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள். தளர்ந்த இறக்கை பறப்பது அந்தத் திசையில்தான். ஹெட்லைட்டைப் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஓட்டலாம். புது பெல்ட் காடியில் படிந்து கொஞ்சம் தளரும். 100, 200 கி.மீ. ஓடியதும், எஞ்சின் ஆறியிருக்கும்போது சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு போல்ட்டையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.